வழிகாட்டியின் எச்-இன்டெக்ஸ் 13 என்றால் தங்கையைச் சேர்க்கலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கை எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு பிஎச்.டி. சேரப் போகிறாள். திருச்சியில் எண்ணியல் பகுப்பாய்வில் (சமன்பாடுகளுக்குக் கணினியில் தோராய விடை காணும் முறைகளை ஆராயும் கணிதம்) முப்பது வருஷமாக ஆராய்ச்சி செய்யும் ஒரு பேராசிரியர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கூகுள் ஸ்காலரில் பார்த்தால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 13. வேறொரு கல்லூரியில் நானோ திரவ (மிக நுண்ணிய துகள்கள் கலந்த திரவம்) ஓட்டம் பற்றி எழுதும் இன்னொருவருக்கு 41. "முப்பது வருஷம் உழைத்து 13 என்றால் அவர் செய்தது எடுபடவில்லை என்றுதானே அர்த்தம்?" என்பது கேள்வி.

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு எண்களைப் பற்றி. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது, தங்கையின் நாலைந்து வருஷத்தை யாரை நம்பிக் கொடுப்பது என்பதுதான் என்று நினைக்கிறேன். இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு என் அனுபவத்தை மட்டும்தான் சொல்ல முடியும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்டாவில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் 31 வருஷம் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் பிஎச்.டி.யும் இதே துறைதான். நான்கு பேருக்கு வழிகாட்டியிருக்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு பேராசிரியர்களையும் நான் அறிந்ததில்லை. என் சொந்த எச்-இன்டெக்ஸ் 9. அதனால் 13-க்கு வக்காலத்து வாங்குகிறான் என்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் கழித்துக்கொண்டே மேலே படியுங்கள்.

எச்-இன்டெக்ஸ் என்ன கணக்கு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒருவருக்கு ஐந்து கட்டுரைகள். அவற்றை மற்றவர்கள் முறையே 40, 12, 6, 4, 1 தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருப்பதால் அவருடைய எண் 4. இன்னொருவருக்கு நான்கே கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் நாலே மேற்கோள். அவருக்கும் 4. முதலாமவரின் அந்த 40 எங்கே போயிற்று? கணக்கில் கரைந்துவிட்டது. ஒரே கட்டுரை ஆயிரம் பேரை எட்டினாலும் இந்த எண் அசையாது. இதை 2005-ல் முன்வைத்த ஜார்ஜ் ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறையில் இணைப் பேராசிரியர் நிலைக்கு 12, முழுப் பேராசிரியருக்கு 18 என்று தோராயமாகச் சொன்னவரே, துறைக்குத் துறை இது மாறும், உயிரியலில் அதிகமாக இருக்கும் என்றும் அதே கட்டுரையில் எழுதிவைத்தார். அந்தப் பின்பாதியை யாரும் படிப்பதில்லை.

கணிதத்தில் ஏன் குறைவு? ஒரு கட்டுரையின் கடைசியில் பதினைந்து இருபது மேற்கோள்கள் இருந்தால் எங்களுக்கு அது நிறைவு. எழுதுபவர்களும் குறைவு, ஒரு கட்டுரைக்கு ஒருவர் அல்லது இருவர். அதோடு எங்கள் கட்டுரைகள் மெதுவாக வேகும் அரிசி. உலகக் கணித ஒன்றியமும் வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து 2008-ல் மேற்கோள் புள்ளிவிவரங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. பத்திரிகைகளை மதிப்பிட எல்லோரும் பிடித்துத் தொங்கும் 'இம்பாக்ட் ஃபாக்டர்' இரண்டு வருஷ மேற்கோள்களை மட்டுமே எண்ணும், ஆனால் கணிதக் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களில் ஏறக்குறைய 90 சதவீதம் அந்த இரண்டு வருஷத்துக்கு வெளியேதான் விழுகின்றன என்று அதில் காட்டியிருந்தார்கள். 2023-ல், மேற்கோள் தரவுகளைத் திரட்டும் கிளாரிவேட் நிறுவனம் 'அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்கள்' பட்டியலிலிருந்து கணிதம் என்ற பிரிவையே தூக்கிவிட்டது. சிறிய துறை, சில பேர் சேர்ந்தால் எண்ணைத் திருகிவிடலாம் என்பது காரணம். ஆக, கணிதத்துக்குள்ளேயே இந்த எண்ணை வைத்து ஆளை எடைபோடுவது கஷ்டம். நானோ திரவக்காரரோடு ஒப்பிடுவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அவருடைய வாசகர்கள் இயந்திரப் பொறியியல், வெப்பப் பரிமாற்றம், வேதியியல் என்று பரந்து கிடப்பவர்கள். இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது.

இனி, அந்த 13 எண் கொண்டவர் முப்பது வருஷம் என்னதான் செய்திருப்பார்? திருச்சி, எண்ணியல் பகுப்பாய்வு என்று நீங்கள் சொன்னதும் எனக்கு வரும் ஊகம் 'சிங்குலர் பெர்டர்பேஷன்' கணக்குகள். இது ஊகம்தான், ஆனால் காரணமில்லாத ஊகம் இல்லை. அந்த ஊரில் இந்தத் துறைக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஜான் மில்லர் திருச்சி ஆய்வாளர்களோடு சேர்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார். 2015 ஜனவரியில் திருச்சியில் நடந்த கருத்தரங்கின் கட்டுரைத் தொகுதியை ஸ்பிரிங்கர் வெளியிட்டது.

அந்தக் கணக்கு என்னவென்று சொல்கிறேன், உங்களுக்கு வாய்க்கால் தெரியும் என்பதால் சுலபம். சிமென்ட் போட்ட வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது நடுவில் மிதக்கும் இலை விறுவிறுவென்று போகும். சுவரை ஒட்டிய இலை தயங்கித் தயங்கிப் போகும். சுவரைத் தொடும் இடத்தில் நீரின் வேகம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்திலிருந்து முழு வேகத்துக்கு ஏறும் மாற்றம், சுவரை ஒட்டிய ஒரு மெல்லிய படலத்துக்குள் முடிந்துவிடும். 1904-ல் லுட்விக் பிராண்டல் இதை எல்லை அடுக்கு என்று பிரித்துக் காட்டினார். சமன்பாட்டில் இந்தப் படலத்தின் தடிமனைத் தீர்மானிப்பது எப்சிலான் என்ற மிகச் சிறிய எண்.

கணினியில் தீர்க்கும்போது 0-விலிருந்து 1 வரையுள்ள தூரத்தைச் சம துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு புள்ளியிலும் விடை காண்போம். எப்சிலான் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். ஒரு புள்ளியின் இரு பக்கத்து மதிப்புகளையும் வைத்துச் சரிவைக் கணக்கிடும் வழக்கமான மைய வேறுபாட்டு முறையில் துண்டின் நீளம் எப்சிலானின் இரண்டு மடங்கைத் தாண்டினால் விடை மேலும் கீழுமாக ஆட ஆரம்பிக்கும். இல்லாத அலையை இருப்பதாகக் காட்டும். ஆடாமல் நிற்க 5 லட்சம் துண்டுகள் வேண்டும். இது ஒரு கோட்டின் மேல். ஒரு சதுரப் பரப்பு என்றால் அதன் வர்க்கம், 25,000 கோடி. எந்தக் கணினிக்கும் இது விளையாட்டில்லை.

இதற்கு ரஷ்யாவில் விடை கண்டார்கள். 1969-ல் பாக்வலோவ், துண்டுகளைச் சமமாக வெட்டாமல் ஓரத்தில் நெருக்கியும் வெளியே அகட்டியும் போடும் ஒரு வலையைக் கொடுத்தார். பிறகு ஷிஷ்கின் இன்னும் எளிமையாக்கினார். பாதிப் புள்ளிகளை ஓரத்துப் படலத்துக்குள் போடு, மீதிப் பாதியை வெளியே பரப்பு, நீர் வரும் திசையிலிருந்து வேறுபாடு எடு. இவ்வளவுதான். ஆனால் எப்சிலான் எவ்வளவு சுருங்கினாலும் பிழை கூடாது, பிழை புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டுமே பொறுத்தது என்று நிரூபிக்க வேண்டுமே, அதுதான் இந்தத் துறையின் உயிர். நாலு படம் வரைந்து காட்டினால் போதாது. முடிவில்லாத எப்சிலான்களுக்கும் ஒரே நிரூபணம் வேண்டும்.

மேற்கோள் கதை இங்கேதான் சுவாரசியமாகிறது. பாக்வலோவ் கட்டுரை ரஷ்ய மொழியில் வந்தது. அந்தப் பத்திரிகைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு என்றாலும் மேற்கில் வெகு காலம் சிலர்தான் அதைத் தொட்டார்கள். ஷிஷ்கினின் வலை பரவலாகத் தெரியவந்தது, மில்லரும் ஓ'ரியோர்டனும் அவரோடு சேர்ந்து 1996-ல் ஆங்கிலத்தில் நூல் கொண்டுவந்த பிறகு. இப்போது அந்த வலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டதால் பலர் 'ஷிஷ்கின் வலை' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், அவருடைய மூலக் கட்டுரையைக் காட்டுவதில்லை. பெயரே மேற்கோளைத் தின்றுவிட்டது. ருங்கே 1895-லும் குட்டா 1901-லும் எழுதிய முறையைப் பி.எஸ்சி. மூன்றாம் வருஷத்தில் உங்கள் தங்கை போட்டிருப்பாள். எந்தப் பொறியாளர் அந்த இரண்டு கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறார்? அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு கண்டுபிடிப்பு எல்லோருடைய பொது அறிவாகும்போது அதன் மூலம் மறைந்துவிடுகிறது என்றார்.

இதற்கு நம் கரையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அதன் பிறகு 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. கடலடியில் நிலநடுக்கம் வந்தால் அலை எங்கே, எப்போது, எவ்வளவு உயரத்தில் வரும் என்று அங்கே கணினி மாதிரிகளைக் கொண்டு சொல்கிறார்கள். கடலைச் சதுரக் கட்டங்களாக வெட்டி, சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டத்தைக் கணக்கிடுவது அடிப்படை. 4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமி வினாடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு கட்டம் 2 கிலோமீட்டர் என்றால், அலை ஒரு கட்டத்தைக் கடக்க 10 வினாடி. இத்தகைய முறைகளில் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் உள்ள நேர இடைவெளி அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண்கள் வெடித்துச் சிதறும். இந்த விதியைக் கண்டவர்கள் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி. வருஷம் 1928. மின்னணுக் கணினியே பிறக்கவில்லை. சமன்பாட்டுக்கு விடை உண்டா என்ற சுத்தமான கோட்பாட்டுக் கேள்விக்காக எழுதிய கட்டுரை அது. அக்கரைப்பேட்டையில் படகை ஏற்றிவிட்டு எச்சரிக்கைக் குறுஞ்செய்தி பார்க்கும் மீனவருக்கும் அந்த மூன்று பெயருக்கும் உள்ள தொடர்பை எந்த இன்டெக்ஸும் எண்ணாது. வேதாரண்யம் பக்கம் கிணற்றில் உப்பு ஏறுவதை ஆராயும் மாணவர், நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் 'மாட்ஃப்ளோ' மென்பொருளின் கையேட்டை மேற்கோள் காட்டுவார். அதற்குள் ஓடும், ஏராளமான சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்கும் இணை-சரிவு முறையை 1952-ல் எழுதிய ஹெஸ்டனஸ், ஸ்டீஃபல் பெயர்கள் அவர் கண்ணில் படவே படாது.

ஆனால் இதை வைத்து எண்ணியல் பகுப்பாய்வுக்காரர் எல்லோரும் கண்டுகொள்ளப்படாத மேதைகள் என்று நான் கதை விட முடியாது. எதிர் உதாரணம் கையில் இருக்கிறது. நெதர்லாந்தின் வான் டெர் வோர்ஸ்ட் 1992-ல் எழுதிய பைசிஜிஸ்டாப் (இதுவும் ஏராளமான சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்ப்பதுதான்) முறைக் கட்டுரைதான் தொண்ணூறுகளில் கணிதத் துறையிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது. அவரும் எண்ணியல் பகுப்பாய்வுக்காரர்தான். வித்தியாசம் என்ன? அவர் கொடுத்தது அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கருவி. கருவி செய்பவருக்கு மேற்கோள் கொட்டும். அந்தக் கருவி ஏன் பொய் சொல்லாது என்று நிரூபிப்பவருக்குச் சொட்டும். இரண்டும் ஒரே துறைக்குள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், கொஞ்சம் கசக்கும். மேற்கோள் குறைவு என்பதே தரத்துக்குச் சான்று ஆகாது. எங்கள் துறையில் வருஷா வருஷம் வரும் கட்டுரைகளில் கணிசமான பகுதி, பழைய ஷிஷ்கின் வலையை எடுத்துக்கொண்டு சமன்பாட்டில் ஒரு தாமத உறுப்பைச் சேர்ப்பது, ஒரு சமன்பாட்டை இரண்டாக்குவது, இரண்டை மூன்றாக்குவது. நிரூபணம் பழையதேதான், குறியீடு மட்டும் நீளும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன், பதவி உயர்வுக்கு எண்ணிக்கை தேவைப்பட்ட வருஷங்களில். வேடிக்கை கேளுங்கள்: என் கட்டுரைகளில் அதிக மேற்கோள் பெற்றது அப்படி ஒரு விடுமுறையில் எழுதி முடித்த ஒன்றுதான். நாலு வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதியதற்கு மொத்தம் ஆறு மேற்கோள், அதில் இரண்டு நானே கொடுத்தது. சுலபமான கட்டுரையைப் பின்பற்றி இன்னொரு சுலபமான கட்டுரை எழுதலாம். கஷ்டமானதைப் பின்பற்ற ஆள் வேண்டுமே.

சரி, 41? அது பொய் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. வெப்பப் பரிமாற்றத்தில் நேர்மையாக உழைத்து அந்த எண்ணுக்கு வந்தவர்கள் உண்டு. சந்தேகம் எப்போது வர வேண்டும் என்றால், மேற்கோள் காட்டும் பெயர்களைத் திறந்து பார்த்து அதே பத்துப் பதினைந்து பேர் சுற்றிச் சுற்றி வரும்போது. வருஷத்துக்கு முப்பது நாற்பது கட்டுரை வரும்போது. ஒரு கட்டுரைக்கும் அடுத்ததற்கும் துகளின் பெயர் மட்டும் மாறும்போது, இங்கே அலுமினா, அங்கே செம்பு. மேட்டூர் நீர்மட்டம் 120 அடி என்று காலையில் பேப்பரில் வரும். அதை வைத்துத் திருத்துறைப்பூண்டிக் கடைமடையில் இந்த வாரம் நடவு நடக்குமா என்று சொல்லிவிட முடியுமா? மடை திறந்துவிடும் லஸ்கரைக் கேட்க வேண்டும், வாய்க்காலைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி மாணவி கடைமடையில் இருப்பவள்.

இனி இரண்டாவது கேள்வி, இது முழுக்க என் அனுபவம். வழிகாட்டியின் எச்-இன்டெக்ஸ் தங்கைக்கு நேரடியாக எதுவும் தராது. உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போனால் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, அவளுடைய கட்டுரைகள், அவள் வகுப்பெடுக்கும் விதம் இவைதான் பேசும். அவருடைய எண்ணை யாரும் கேட்பதை நான் பார்த்ததில்லை. அவருடைய குணமும் நேரமும்தான் அவளுக்கு வந்து சேரும். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் சோத்கங்கா தளத்துக்குப் போய் இருவரிடமும் முடித்தவர்களின் ஆய்வேடுகளை இறக்கிப் பார்ப்பேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசம். ஒரே வழிகாட்டியின் மூன்று மாணவர்களின் ஆய்வேட்டை எடுத்து முதல் அத்தியாயத்தை வரிவரியாக ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். வேறு வேறாக இருந்தால், அதிலும் கடைசி அத்தியாயத்தில் 'இதை என்னால் நிரூபிக்க முடியவில்லை' என்ற தோரணையில் ஒரு வாக்கியமாவது இருந்தால், நான் அந்த இடத்தை நம்புவேன்.

பிறகு அந்த மாணவர்களில் இருவரையாவது தேடிப் பேசுங்கள். மூன்று கேள்வி போதும். எத்தனை வருஷத்தில் முடிந்தது? அனுப்பிய வரைவைப் படித்துத் திருத்தித் தர எத்தனை நாள் எடுத்துக்கொண்டார்? நிரலை நீங்களே எழுதினீர்களா, இல்லை முன்னவர் எழுதியதை வாங்கி எண்ணை மாற்றினீர்களா? மூன்றாவது கேள்வி முக்கியம். தானே எழுதிய நிரலோடு வெளியே வரும் பெண்ணுக்குக் கல்லூரி வேலை கிடைக்காவிட்டாலும் கைத்தொழில் இருக்கும். வெறும் 41-ன் நிழலில் நின்று வந்தவளுக்கு அது உறுதியில்லை. இன்னொன்று, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் பத்திரிகையில் கட்டுரை வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகளில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று நிபந்தனை வைத்துக்கொள்ளலாம், சேருமிடத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம், என்னுடையதையும் சேர்த்து.

கணித மதிப்புரைகளைப் பார்க்க ஜெட்பிமேத் தளம் 2021 முதல் எல்லோருக்கும் இலவசம். அந்தப் பேராசிரியரின் பெயரைப் போட்டால் அவருடைய கட்டுரைகளில் சிலவற்றுக்கு வேறொரு கணிதக்காரர் எழுதிய மதிப்புரை கிடைக்கலாம். தங்கையே படித்துப் பார்க்கட்டும். புரியாவிட்டால் பரவாயில்லை, எந்த இடத்தில் புரியாமல் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு அவளைத் திருச்சிக்கு அழைத்துப் போங்கள், முதல் நாளே போன் செய்து நேரம் கேட்டுவிட்டு. காலை முதல் பேருந்தைப் பிடித்தால் கல்லூரி தொடங்கும் நேரத்துக்கு இறங்கிவிடலாம். நீங்கள் அறைக்கு வெளியே உட்காருங்கள், அவள் மட்டும் உள்ளே போய் அந்தத் தாளிலுள்ள முதல் சந்தேகத்தைக் கேட்கட்டும். அவர் சாக்பீஸை எடுத்தாரா, கைக்கடிகாரத்தைப் பார்த்தாரா என்பதை வெளியே வந்ததும் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.